1964 நியூயார்க் ருபெல்லா அலையும் ஆட்டிசத்தின் காரணங்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1963-இல் ஐரோப்பாவில் பரவிய ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை), அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. 1965 வரை நீடித்த அந்த அலையில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேருக்கு நோய் வந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள். அதை நோய் என்று சொல்லவே யோசிக்க வேண்டும், அவ்வளவு லேசானது. இரண்டு மூன்று நாள் இளங்காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுவது, பெரியவர்களுக்குக் கொஞ்சம் மூட்டுவலி. பலருக்கு இதுகூட வராது. வந்துபோனதே தெரியாமல் போய்விடும்.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் கதை வேறு. கிருமி தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குள் போய்த் தங்கிவிடும். முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு நோய் வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது கருக்கள் பாதிக்கப்படும். 20 வாரம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இதை முதலில் கவனித்தவர் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். பிறந்த குழந்தைகளுக்குக் கண்புரை இருப்பது திடீரென்று அதிகமானதைப் பார்த்து, அந்தத் தாய்மார்களிடம் விசாரித்து, கர்ப்ப காலத்தில் வந்துபோன ருபெல்லாவோடு அதைப் பொருத்தினார். 1941-இல் வெளியிட்டார். உலகம் அதை உடனே நம்பிவிடவில்லை.

அமெரிக்க அலையில் சுமார் 20,000 குழந்தைகள் பிறவி ருபெல்லா பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களில் 11,000 பேருக்குச் செவித்திறன் இல்லை. 3,500 பேருக்குப் பார்வை இல்லை. சுமார் 2,100 குழந்தைகள் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே இறந்தார்கள். கருச்சிதைவாகவும் கருக்கலைப்பாகவும் போனவை 11,000-க்கும் மேல். நியூயார்க் நகரத்தில் மட்டும் அப்போது பிறந்தவர்களில் நூற்றில் ஒரு குழந்தைக்கு இந்தப் பாதிப்பு இருந்தது என்பது அன்றைய கணக்கு.

பிறரோடு பழகுவதிலும் பேச்சிலும் நடத்தையிலும் வேறுபாடு தெரியும் வளர்ச்சி நிலையான ஆட்டிசத்துக்கும் கருப்பைக் காலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று எவ்வளவோ பேசுகிறோம். பாராசிட்டமால், ஸ்கேன், சிசேரியன், காற்று மாசு, தடுப்பூசி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கர்ப்ப காலத்தில் நடந்த ஒன்றுக்கும் ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்பு, சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு முதன்முதலாக வெளிப்பட்டது இந்த நியூயார்க் குழந்தைகளிடம்தான். அதனால் மற்றச் சந்தேகங்களை எடைபோட நான் எப்போதும் இங்கிருந்து தொடங்குகிறேன்.

243 குழந்தைகள்

நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், குழந்தை மருத்துவர் லூயிஸ் கூப்பர் தலைமையில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. கண், காது, இதயம் என்று ஒவ்வொன்றையும் பார்க்க ஒரு பிரிவு. அவர்களுடைய மனவளர்ச்சியையும் நடத்தையையும் பார்க்க வந்தவர் ஸ்டெல்லா செஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர்.

அவர் அங்கே வந்தது நல்ல காலம் என்றே சொல்வேன். செஸ்ஸும் அவருடைய கணவர் அலெக்சாண்டர் தாமஸும் 1956 முதல், கைக்குழந்தைகளின் சுபாவத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஓர் ஆய்வை நடத்திவந்தார்கள். பொறுமையாகப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதோடு, பிள்ளையிடம் எந்தக் குறை கண்டாலும் தாயைக் கைகாட்டும் தன் துறையின் போக்கைக் கண்டித்து 1964-லேயே எழுதியவர் அவர்.

அந்தப் போக்கு எவ்வளவு கொடுமையானது என்பதை இன்று முழுதாக உணர்வது கஷ்டம். 1943-இல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தை விவரித்தபோது, பிறவியிலேயே வருவது என்றுதான் எழுதினார். போகப்போகப் பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றியும் எழுதினார். சிகாகோவில் இத்தகைய பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதை இன்னும் தூக்கிப்பிடித்தார். தாய் மனதளவில் ஒதுக்கியதால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிப்போனது என்ற கருத்து மருத்துவமனைகளில் சாதாரணமாகப் புழங்கியது. பிள்ளையின் சிகிச்சைக்கு வந்த தாயையே சிகிச்சைக்கு அனுப்பினார்கள். சிலரிடமிருந்து பிள்ளையையே பிரித்து வைத்தார்கள்.

இந்தச் சூழலில்தான் செஸ், சாம் கார்ன், பாலினா ஃபெர்னாண்டஸ் மூவரும் பள்ளி வயதை எட்டாத 243 பிறவி ருபெல்லா குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 1971-இல் முடிவுகள் வெளிவந்தன. 10 குழந்தைகளுக்கு ஆட்டிசத்தின் அறிகுறிகள் முழுமையாக இருந்தன. இன்னும் 8 பேருக்குப் பகுதியளவில் இருந்தன. மொத்தம் 18. பத்தாயிரத்துக்கு என்று கணக்கிட்டால் 741. அதே காலத்தில் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் விக்டர் லாட்டர் எடுத்த கணக்கில், பத்தாயிரம் குழந்தைகளுக்கு நாலரை பேர்தான். இரண்டு இடத்திலும் அளந்த முறை வேறு என்பது உண்மை. ஆனால் நாலரைக்கும் எழுநூற்றுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அளவுமுறை வேறுபாட்டை வைத்து மட்டும் விளக்க முடியாது.

காது கேட்காத பிள்ளையா, ஆட்டிசமா?

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கூப்பிட்டால் திரும்பாது. பேச்சு வரவில்லை. கண்ணைப் பார்க்காது. உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும், கண்ணைக் கையால் அழுத்திக்கொள்ளும். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் ஆட்டிசம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் காதும் கண்ணும் சரியில்லாத பிள்ளையும் இதையெல்லாம் செய்யும். பிறவி ருபெல்லா தாக்குவதே காதையும் கண்ணையும்தானே. அப்படியானால் அந்த 18 பேரும் காது கேட்காத, கண் தெரியாத பிள்ளைகள் மட்டும்தானா?

செஸ் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. ஆட்டிசம் இல்லாத காது கேளாத பிள்ளைகள் மற்ற வழிகளைத் தேடிப் போவதை அவர் கவனித்தார். கண்ணால் அறை முழுவதையும் அளப்பார்கள். வந்தவரின் முகத்தைப் பார்த்து, இவர் எப்படிப்பட்டவர் என்று கணிப்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியில் மனிதர்களிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோ மீதமிருந்த புலன்களையும் அப்படி மனிதர்களை நோக்கிப் பயன்படுத்தவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் தேவைப்படவில்லை. உட்கார்ந்து கவனிக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு ஆட்டிசமா என்று பார்க்கும்போது முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யச் சொல்வதன் காரணமும் இதுவேதான்.

1977-இல் தொடர் அறிக்கை வந்தது. முதலில் ஆட்டிசம் என்று கண்ட சில பிள்ளைகளிடம் அறிகுறிகள் மறைந்திருந்தன. சிலரிடம் அப்படியே இருந்தன. சிலருக்கு அதிகமாகியிருந்தன. முன்பு ஒன்றும் இல்லாத சிலரிடம் புதிதாகத் தெரிந்தன. பிறந்து பல மாதங்கள் வரை ருபெல்லா கிருமி குழந்தையின் உடம்பில் வாழ்ந்துகொண்டிருக்கும் என்பது ஏற்கெனவே தெரியும். இப்படி ஏறியும் இறங்கியும் போவது ஒரு நாள்பட்ட தொற்றின் போக்கைப் போல இருக்கிறது என்று செஸ் எழுதினார்.

சரி, இதில் குறைகள் இல்லையா? இருக்கின்றன. ஒரு பெரிய மருத்துவ மையத்துக்கு வந்தவர்கள் பாதிப்பு அதிகமான பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். வீட்டோடு இருந்துவிட்ட லேசான பாதிப்புக்காரர்களையும் சேர்த்திருந்தால் விகிதம் குறைந்திருக்கும். மூளையை விரிவாகப் படம்பிடிக்கும் வசதியும் அன்று இல்லை. அப்படியிருந்தும் இந்தத் தொடர்பு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்து நிற்கிறது. கிருமி கருவுக்குள் போகிறது என்பது பரிசோதனைச் சாலையில் நிரூபணமானது. எந்த வாரத்தில் போனால் எவ்வளவு சேதம் என்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. பாதிப்பின் அளவு பிரம்மாண்டமாக இருந்தது. கிருமியைத் தடுத்த நாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறப்பதும் ஏறக்குறைய நின்றது.

இந்த நான்கும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். அதை நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

நாள் தள்ளிப்போன ஒரு வாரம்

இந்த அளவுகோலுக்கு ஓரளவு ஒத்துவரும் இன்னொரு நிகழ்வு தாலிடோமைடு. 1950-களின் கடைசியில் குமட்டலுக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்த அந்த மாத்திரையால் கை கால் வளராமல் பிறந்த குழந்தைகளைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். சுவீடனில் அப்படிப் பாதிக்கப்பட்ட 100 பேரை அவர்கள் பெரியவர்களான பிறகு கண் மருத்துவர்கள் கெர்ஸ்டின் ஸ்ட்ராம்லாண்டும் மேரிலின் மில்லரும் மற்றவர்களோடு சேர்ந்து பரிசோதித்தார்கள். அவர்களில் 4 பேருக்கு ஆட்டிசம் இருந்ததாக 1994-இல் எழுதினார்கள். அந்த நால்வரின் உடல் குறைபாடுகளை வைத்து மாத்திரை எப்போது உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போட்டால், கருவுற்ற 20-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாளுக்குள் வந்து நின்றது. தாய்க்கு நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கர்ப்பம் என்பது உறுதியாகத் தெரிவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகு நம் வீடுகளில் எழும் கேள்விகள் பெரும்பாலும் பிரசவத்தைச் சுற்றியே வருகின்றன. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததே, அதனாலா? பிறந்ததும் அழவில்லையே. ஆயுதம் போட்டு எடுத்தார்களே. மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்திருந்தார்களே. கடைசி நேரத்தில் சிசேரியன் செய்தார்களே. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பழைய பயத்தோடு இந்தப் புதிய பயமும் சேர்ந்துகொள்கிறது. கேட்கும் தாயின் குரலில் ஒரு குற்றவாளியின் தயக்கம் இருக்கும். மாமியார் வீட்டில் அதே கேள்வி வேறு தொனியில் ஏற்கெனவே வந்திருக்கும்.

இதற்கு ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டைப் பிள்ளை ஜோடிகளைப் பார்த்தார்கள். உருவொத்த 11 ஜோடிகளில் 4-இல் இருவருக்குமே ஆட்டிசம். உருவொவ்வாத 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்று அழுத்தமாகக் காட்டிய முதல் ஆய்வு அதுதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஒருவருக்கு மட்டும் ஆட்டிசம் இருந்த 17 ஜோடிகளில் 12-இல், அந்தப் பிள்ளைக்கு மூளையைப் பாதிக்கக்கூடிய ஏதோ ஒரு ஆபத்து நேர்ந்திருந்தது. பிறப்பின்போது நடந்த சிக்கல்களும் அதில் அடக்கம்.

இதைப் படித்தால் பிரசவச் சிக்கல்தான் காரணம் என்று தோன்றும். பல ஆண்டுகள் அப்படித்தான் பலர் நினைத்தார்கள். 1990-களில் இரட்டையர் ஆய்வு விரிவானபோது ஆந்தனி பெய்லியும் அவருடைய குழுவினரும் அதைத் திருப்பிப் பார்த்தார்கள். கருவின் வளர்ச்சி முன்பே மாறிப்போயிருந்தால் அந்தப் பிரசவமும் சிக்கலாகத்தானே இருக்கும்? குழந்தை தலையைத் திருப்புவது, சரியான நிலைக்கு வருவது, பிறந்ததும் மூச்செடுத்து அழுவது எல்லாவற்றுக்கும் குழந்தையின் நரம்பு மண்டலம் ஒத்துழைக்க வேண்டும். ஆக, பிறந்ததும் அழாததால் ஆட்டிசம் வந்திருக்கலாம் என்பது ஒரு பக்கம். ஆட்டிசத்துக்கு வழிவகுத்த அதே மாற்றத்தால்தான் குழந்தை அழாமல் பிறந்திருக்கலாம் என்பது மறுபக்கம். ஒரு தனிக் குழந்தையைப் பார்த்து இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

2011-இல் ஹன்னா கார்டனரும் உடன் ஆய்வாளர்களும் பிறப்பு சார்ந்த 60-க்கும் மேற்பட்ட அம்சங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். கொடிச் சிக்கல், வயிற்றில் குழந்தை குறுக்காகவோ கால் முன்னால் வரும்படியோ இருப்பது, எடைக்குறைவு, பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் மூச்சு, நாடி, அசைவு பார்த்துப் போடும் மதிப்பெண் குறைவாக இருப்பது, தாயின் ரத்தப் பிரிவும் குழந்தையின் ரத்தப் பிரிவும் ஒத்துப்போகாதது, மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. ஆயுதம் போட்டு எடுப்பதற்கும், மயக்க மருந்துக்கும், நாள் கடந்து பிறப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. எந்த ஒன்றையும் தனியாகப் பிரித்து, இதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றுதான் அவர்கள் முடித்தார்கள். குறைமாதப் பிறப்பு மட்டும் கொஞ்சம் தனித்து நிற்கிறது. எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ அவ்வளவு கூடுதல் வாய்ப்பு என்ற ஒழுங்கு அதில் பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனாலும் குறைமாதப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் வருவதில்லை.

சிசேரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். சுவீடனில் சுமார் 27 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆட்டிசம் சற்று அதிகமாகத் தெரிந்தது. ஆனால் ஒரே தாயின் பிள்ளைகளில் ஒன்று சுகப்பிரசவம், இன்னொன்று சிசேரியன் என்று ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கத்தி காரணமில்லை. அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்று காரணம். அறுவைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதை நினைத்து ஒரு தாய் வருந்துவதற்கு இதில் எந்த அடிப்படையும் இல்லை.

மாத்திரைகளும் காற்றும்

இதே உடன்பிறப்பு ஒப்பீடு பாராசிட்டமால் விஷயத்திலும் நடந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதை ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசியதிலிருந்து இங்கேயும் கர்ப்பிணிகள் காய்ச்சலுக்கு மாத்திரை போடப் பயப்படுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, சுவீடனில் பிறந்த சுமார் 24 லட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு வெளியாகியிருந்தது. உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது, பாராசிட்டமால் எடுத்த கர்ப்பத்துக்கும் எடுக்காத கர்ப்பத்துக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. கடுமையான காய்ச்சலைக் கர்ப்ப காலத்தில் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

வால்ப்ரோயேட் கதை அப்படியில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் இந்த மருந்தை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் 4.42 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் சார்ந்த நிலை இருந்தது, மொத்தக் குழந்தைகளில் 1.53 விழுக்காடுதான் என்று டென்மார்க்கின் 6 லட்சத்து 55 ஆயிரம் குழந்தைகளின் பதிவுகள் 2013-இல் காட்டின. விலங்குகளிடமும் அதே விளைவு தெரிகிறது. ருபெல்லாவுக்கு அடுத்தபடியாக நான் உறுதியாக நம்பும் தொடர்பு இது. காற்று மாசு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில் சுவாசிக்கும் நுண்துகள், சில ஆய்வுகளில் தொடர்போடு தெரிகிறது. ஆனால் மாசு மிகுந்த தெருவில் வாழ்பவரின் வருமானம், சத்துணவு, மருத்துவ வசதி எல்லாமே வேறு. அவற்றைப் பிரித்தெடுப்பது லேசில்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் பரம்பரை இருக்கிறது. ஐந்து நாடுகளின் 20 லட்சம் குழந்தைகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, ஆட்டிச வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காட்டை மரபணுவின் கணக்கில் வைத்தது.

குற்றம் சுமத்தப்பட்ட ஊசி

ருபெல்லா தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1969-இல் அனுமதி கிடைத்தது. 1971-இல் அது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஊசிகளோடு சேர்ந்து ஒரே ஊசியானது. செஸ்ஸின் முதல் முடிவுகள் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். பிறகு 1998-இல், லண்டனில் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையால் அந்த ஊசியே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற பயம் உலகெங்கும் பரவியது. 2010-இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆட்டிசத்துக்கு ஐயமின்றித் தெரிந்த ஒரு காரணத்தைத் தடுக்கும் ஊசியின் மீதுதான் அந்தப் பழி விழுந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனது கொதிக்கிறது. 2001 முதல் 2010 வரை அமெரிக்காவில் ருபெல்லா தடுப்பூசி மட்டும் சுமார் 16,600 பிறவி ருபெல்லாவையும், அதன் வழியாக 1,228 ஆட்டிச நிலைகளையும் தடுத்திருக்கும் என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

நம்மூருக்கும் இந்தக் கதை தூரமில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரையோடு வந்த குழந்தைகளைப் பரிசோதித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 15 விழுக்காட்டுக்குக் காரணம் பிறவி ருபெல்லா என்று தெரிந்தது. கிரெக் சிட்னியில் பார்த்ததை அரை நூற்றாண்டு கழித்து மதுரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை அந்த 1996-லேயே ருபெல்லா தடுப்பூசியைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் தட்டம்மை-ருபெல்லா முகாம் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது. தமிழ்நாடும் புதுச்சேரியும் முதல் கட்டத்திலேயே இருந்தன. பள்ளிகளில் ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. கடைசியில் முகாமின் நாட்களையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று இரண்டு தவணை வழக்கமான அட்டவணையில் இருக்கிறது.

2017-இல் 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் அந்த முகாமில் வரவில்லை. அவர்களில் பலர் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள். ருபெல்லா எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இல்லையென்றால் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாகவாவது ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், கர்ப்பமான பிறகு போடக்கூடாது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கும் பெண்கள் கல்யாணப் பேச்சு வரும்போதே நரம்பியல் டாக்டரிடம் மாற்று மருந்தைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. நாள் தள்ளிப்போன பிறகு பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் சேர்ந்தே ஆபத்து.